இதழியல் முதுகலை: செய்தி, நெறி, சட்டம் மூன்றையும் ஒரே கள ஆய்வில் படிக்கும் வழி

முதுகலை இதழியலில் செய்தி எழுதுதல் ஒரு தாள், ஊடக நெறி இன்னொரு தாள், ஊடகச் சட்டமும் ஒழுங்குமுறையும் வேறொரு தாள். மூன்றையும் தனித்தனியாகப் படித்துத் தேர்வெழுதிவிட்டு, கடைசிப் பருவத்தில் ஆய்வேட்டுக்காகக் களத்துக்குப் போகும்போதுதான் பிள்ளைகள் திணறுகிறார்கள். கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கத்து மாணவர்களுக்கு வழிகாட்டியதில் நான் கண்டது இது: சட்டம் தெரியாமல் சிக்கிக்கொள்பவர்கள் குறைவு. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை தெரியாமல் சிக்கிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

அதனால் இந்த வழிகாட்டி அந்த வரிசையைச் சொல்கிறது. முதல் பருவத்திலேயே உங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு பிரச்சினையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று தாள்களையும் அதை வைத்தே படியுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சட்டங்களின் மூலப் பிரதிகள் வேண்டும். கைடு புத்தகம் போதாது. அரசியல் சாசனத்தில் பேச்சுரிமையைச் சொல்லும் 19-வது உறுப்பு, 1978-ம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம், 1995-ம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம், 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், 2023-ம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா ஆகியவை அடிப்படை. 'இந்தியா கோடு' தளத்தில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. பத்திரிகை மன்றம் வெளியிட்டுள்ள நடத்தை நெறிகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூலத்தைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. நூலகத்தில் இருக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் பழைய எண்களைத்தான் சொல்லும். அவதூறு முன்பு 499, 500, இப்போது 356. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது முன்பு 228-ஏ; இப்போது 72. அதேபோல் 1867-ம் ஆண்டின் பத்திரிகைப் பதிவுச் சட்டமும் 2024 மார்ச் 1-ம் தேதியோடு போய்விட்டது. பழைய தீர்ப்புகளில் பழைய எண்தான் இருக்கும் என்பதால் இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

இன்னொன்றும் வேண்டும்: ஒரு முடிவுக் குறிப்பேடு. களத்தில் என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று தேதி போட்டு எழுதும் சாதாரண நோட்டு. மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதும் நெறி அத்தியாயம் எல்லாவற்றையும் சரியாகச் செய்ததுபோலவே வரும். அதைப் படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது.

2. தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

'நொய்யல் மாசும் ஊடகங்களும்' என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. இப்படி ஆரம்பித்தால் எதைத் தேடுவது, எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. 'ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள விவசாயிகளுக்குத் தங்கள் கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகள் தரப்படுகின்றனவா? இதை எந்தப் பத்திரிகையாவது கேட்டிருக்கிறதா?' என்பது கேள்வி. இதற்கு ஆவணம் உண்டு, பேச ஆள் உண்டு, பதில் சொல்ல வேண்டிய அலுவலகம் உண்டு. சாயக்கழிவு தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவும் படிக்கக் கிடைக்கிறது.

கேள்வி சரியா என்று பார்க்க ஒரு சோதனை: பதில் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரியின் பதவியை ஒரே வரியில் எழுத முடிகிறதா? முடியாவிட்டால் இன்னும் சுருக்குங்கள்.

நூற்பாலை விடுதிகள், பெருந்துறைத் தொழிற்பேட்டையின் நிலத்தடி நீர், திருப்பூரின் வடமாநிலத் தொழிலாளர்கள் என்று நம் பக்கம் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. சொந்த ஊருக்குப் பக்கத்தில் எடுங்கள். திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். சொந்தக்காரர்களின் தொழிலை மட்டும் எடுக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் அந்த உறவை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.

3. தகவல் உரிமை மனுவை அதே வாரம் அனுப்புங்கள்

பலரும் களத்துக்குப் போய் வந்து, கடைசியில்தான் மனுப் போடுகிறார்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு உங்களுக்கு 30 நாள். இரண்டாவது மேல்முறையீட்டுக்கு 90 நாள். கடைசிப் பருவத்தில் ஆரம்பித்தால் பதில் வருவதற்குள் ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் வந்துவிடும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 'என் முதுகலை ஆய்வுக்காக' என்று காரணம் எழுத வேண்டியதில்லை. காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவே சொல்கிறது. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்காதீர்கள். அது விளக்கம் கேட்பது. ஆவணம் கேட்பது அல்ல. 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளின் பரிசோதனை அறிக்கை நகல்கள்' என்று கேளுங்கள்.

2023-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் குறித்த 8(1)(ஜே) விலக்கை விரிவாக்கியிருக்கிறது. ஆகவே தனிநபர் பெயர் வராத வகையில் கேள்வியை அமைப்பது நல்லது. மறுத்தால், பொதுநலன் பெரிதாக இருக்கும்போது தகவல் தரலாம் என்கிற 8(2) பிரிவை மேல்முறையீட்டில் எடுத்துக் காட்டுங்கள்.

4. யாருக்கு எங்கே அதிகாரம் என்று வரைபடம் போடுங்கள்

ஒழுங்குமுறைத் தாளில் மாணவர்கள் மொத்தமாகக் குழம்பும் இடம் இது. எல்லா ஊடகத்துக்கும் பத்திரிகை மன்றம்தான் மேலே இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் செய்தியையே எடுத்துக்கொண்டு, அது நான்கு இடங்களில் வெளியானால் யார் கேட்க முடியும் என்று எழுதிப் பாருங்கள்.

நாளிதழில் வந்தால் பத்திரிகை மன்றம். தலைவரோடு 28 உறுப்பினர்கள். 14-வது பிரிவின்படி எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போடவோ இதழை நிறுத்தவோ முடியாது. இதழைப் பதிவு செய்வது வேறு அலுவலகம், பத்திரிகைப் பதிவாளர் தலைமை அலுவலகம். இந்த இரண்டையும் ஒன்றாக எழுதும் விடைத்தாள்கள் ஏராளம்.

தொலைக்காட்சியில் வந்தால் கேபிள் சட்டத்தின் நிகழ்ச்சி நெறிகள், அதாவது 1994-ம் ஆண்டு விதிகளில் 6-வது விதி. கோபியிலும் பொள்ளாச்சியிலும் ஓடுகிற உள்ளூர் கேபிள் சேனலுக்கும் இது பொருந்தும். அதன் மேல் நடவடிக்கை எடுக்க அதிகாரம் பெற்றவர்களில் மாவட்ட ஆட்சியரும் ஒருவர். பெரிய செய்தி சேனல்கள் தாங்களே அமைத்த தரநிலை ஆணையம் தனியாக இருக்கிறது. அதில் உறுப்பினர் அல்லாத சேனலை அது கட்டுப்படுத்தாது.

இணையத்தில் வந்தால் 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள்: முதலில் வெளியீட்டாளர், பிறகு சுயகட்டுப்பாட்டு அமைப்பு, அதன் மேல் மத்திய அரசு என்று மூன்று அடுக்கு. அந்த விதிகளில், நெறித் தொகுப்பையும் இந்த மூன்று அடுக்கையும் கட்டாயமாக்கும் 9(1), 9(3) ஆகியவற்றுக்கு 2021 ஆகஸ்ட்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. விதிகளே ரத்தாகிவிட்டன என்று எழுதுவது தப்பு. தடையைச் சொல்லாமல் விடுவதும் தப்பு. யூடியூபில் சேனல் நடத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் பதிவேற்றியதற்குத் தளம் பொறுப்பாகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு தரும் பாதுகாப்பு யூடியூப் நிறுவனத்துக்கானது. பேசிப் பதிவேற்றியவருக்கு அது குடையாகாது.

தனியார் பண்பலை வானொலிக்குச் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவுதான்.

இந்த வரைபடத்தை ஒரே தாளில் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, அடையாளப் பாதுகாப்பு ஆகியவை எல்லா ஊடகத்துக்கும் பொது என்பதால், தாளின் குறுக்கே அடியில் ஒரு வரியாக அவற்றை எழுதுங்கள்.

5. தீர்ப்பை எப்படிப் படிப்பது

தீர்ப்பின் சுருக்கத்தை மனப்பாடம் செய்வதில் பயன் குறைவு. நான்கு கேள்விகளோடு முழுத் தீர்ப்பைத் திறங்கள்: என்ன நடந்தது, நீதிமன்றம் முன்னால் இருந்த கேள்வி என்ன, என்ன காரணம் சொன்னார்கள், கடைசியில் என்ன உத்தரவு. போகிற போக்கில் நீதிபதி சொன்ன கருத்தைத் தீர்ப்பின் விதியாக எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை.

ஐந்து தீர்ப்புகளை இந்த வரிசையில் படியுங்கள். முதலில் ரமேஷ் தாப்பர் எதிர் மெட்ராஸ் மாநிலம், 1950. 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்கு மாகாண அரசு விதித்த தடை அதில் செல்லாமல் போனது. பேச்சுரிமையை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்வது 19(2). பொது ஒழுங்கு என்ற காரணம் அப்போது அதில் கிடையாது. அடுத்த ஆண்டு முதல் திருத்தத்தில் சேர்த்தார்கள். இதைப் படித்தால்தான் 19(2)-ல் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஏன் முக்கியம் என்று விளங்கும். சேலத்துப் பிள்ளைகள் அதே ஆண்டு பிப்ரவரியில் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றியும் தேடிப் படியுங்கள். அந்தக் கால அரசின் பதற்றம் புரியும்.

இரண்டாவது ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994. அந்தரங்க உரிமைக்கும் பொது ஆவணங்களுக்கும் இடையே கோடு போட்ட தீர்ப்பு. மூன்றாவது ஷ்ரேயா சிங்கால், 2015. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு விழுந்தது. நான்காவது எஸ். தமிழ்ச்செல்வன் எதிர் தமிழ்நாடு அரசு, 2016. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தையின் முடிவு எழுத்தாளர் பெருமாள்முருகனைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உள்ளூரில் கூட்டம் கூடி அழுத்தம் தரும்போது அதிகாரிகள் என்ன செய்ய வேண்டும் என்பது நம் பக்கத்து நிருபர்களுக்கு அன்றாடக் கேள்வி. ஐந்தாவது நிபுன் சக்சேனா, 2018. அது அடுத்த பகுதிக்கான வாசல்.

தேடும்போது ஒரு குறிப்பு: கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் வழக்குகள் பொதுவாகச் சென்னை முதன்மை அமர்வுக்குப் போகும். கரூர், மதுரைக் கிளையின் கீழ் வருகிறது.

6. அடையாளம் பற்றிய முடிவைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதுங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். இங்கே செய்யும் பிழை மதிப்பெண்ணோடு போவதில்லை. இன்னொருவரின் வாழ்க்கையில் போய் விழுகிறது.

2019-ல் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கில், புகார் கொடுத்த பெண்ணின் பெயர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே வெளியானது. அரசாணையிலும் அவருடைய விவரங்கள் இருந்தன. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர மதுரைக் கிளை உத்தரவிட்டது. மாணவர்களிடம் இதை விவாதத்துக்கு வைத்தால், 'போலீசே சொன்ன பிறகு நாம் எழுதினால் என்ன?' என்று ஒருவராவது கேட்பார். அதிகாரி சொன்னது உங்களுக்கு அனுமதி ஆகாது. ராஜகோபால் தீர்ப்பு பொது ஆவணங்களிலிருந்து எழுதலாம் என்று சொன்ன அதே மூச்சில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணை அதற்கு விலக்காக வைத்தது. நிபுன் சக்சேனா தீர்ப்பு, மறைமுகமாகக் கூட அடையாளம் தெரியக் கூடாது என்று இன்னும் இறுக்கியது. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் தடுக்கிறது. சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களுக்கும் சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு இதே பாதுகாப்பைத் தருகிறது.

'மறைமுகமாக' என்ற சொல்லை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். சென்னையில் ஒருவரின் பெயரை எடுத்துவிட்டால் ஓரளவு மறைந்துவிடுவார். கொங்கு கிராமத்தில் 'மேக்காலத் தோட்டத்துக்காரர்' என்று ஒரு வரி போதும். சுற்றியுள்ள ஐந்து ஊருக்கும் ஆள் தெரிந்துவிடும். குலப் பிரிவான கூட்டத்தின் பெயர், குலதெய்வக் கோயில், கல்லூரிப் பேருந்து நிற்கும் இடம், 'தறி ஓட்டுபவரின் இரண்டாவது மகள்' என்கிற குறிப்பு, இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தீங்கில்லாதவை. இரண்டு சேர்ந்தால் ஆள் வெளிப்பட்டுவிடும். நீங்கள் ஒன்றையும், இன்னொரு நாளிதழ் மற்றொன்றையும் வெளியிட்டாலும் அதே விளைவுதான்.

ஆகவே புறப்படும் முன் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: யாருடைய அடையாளத்தை மறைக்கப் போகிறீர்கள், எந்தெந்த விவரங்களை எழுதாமல் விட்டுவிடப் போகிறீர்கள், குரலையும் படத்தையும் என்ன செய்யப் போகிறீர்கள். விவரங்களை மாற்றி எழுதாதீர்கள், விட்டுவிடுங்கள். மாற்றினால் அது பொய்யாகிவிடும், ஊரில் வேறு யார் மீதாவது சந்தேகம் விழவும் வாய்ப்புண்டு. எழுதியதை அந்தப் பகுதியைத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் காட்டி, 'யாரென்று தெரிகிறதா?' என்று கேட்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், அதுவே வெளியிடுவதற்குச் சமம். ஊர்க்காரர் ஒருவரின் கண்ணோடு நீங்களே படித்துப் பாருங்கள்.

காட்சிகளுக்கும் இதே ஒழுங்கு. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையின் சிசிடிவி பதிவு தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. அந்தக் காட்சி சாட்சியமாக நீதிமன்றத்துக்குத் தேவை. பார்ப்பவருக்கு எவ்வளவு தேவை, பிழைத்தவருக்கு அது என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. உங்கள் நெறித் தாளுக்கு இதைவிடக் கடினமான பயிற்சியை நான் பார்த்ததில்லை. தற்கொலைச் செய்தி என்றால், பத்திரிகை மன்றம் 2019-ல் ஏற்ற வழிமுறைகளைப் பாருங்கள்: முறையை விவரிக்கக் கூடாது, தலைப்பில் பெரிதாக்கக் கூடாது.

7. களத்தில் யாரை முதலில் பார்ப்பது

ஆவணம் முதலில். பிறகு பாதிக்கப்பட்டவர்கள். அப்புறம் இடைநிலையில் இருப்பவர்கள்: மேற்பார்வையாளர், விஏஓ, சங்கத்தினர். கடைசியில் குற்றம் சாட்டப்படுபவரும் அதிகாரியும். தலைகீழாகப் போனால், முதலாளியைப் பார்த்த மறுநாளே ஆலையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பதிவு செய்யும் முன் கேளுங்கள். 'ஏனுங்க, இதைப் பதிவு பண்ணிக்கலாமுங்களா?' என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதோடு ஒப்புதல் முடிந்துவிடாது. எங்கே வரும், யார் படிப்பார்கள், பிறகு வேண்டாம் என்று சொல்ல எதுவரை நேரம் இருக்கிறது என்று சொல்லுங்கள். விடுதி வார்டன் பக்கத்தில் நிற்கும்போது நூற்பாலைப் பெண் தரும் ஒப்புதல் ஒப்புதல் ஆகாது. ஒடிசா, பீகார் தொழிலாளர்களிடம் பேசும்போது கம்பெனி சூப்பர்வைசரையே மொழிபெயர்க்கச் சொல்வதும் அப்படித்தான். வெளியிலிருந்து ஆளைக் கூட்டிப் போங்கள்.

'பெயர் போடாதீர்கள்' என்கிற உடன்பாடு பேச்சு ஆரம்பிக்கும் முன்பே முடிவாக வேண்டும். உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். பத்திரிகை மன்ற விசாரணையில் தகவல் தந்தவரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 15(2) பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்தில் அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு கிடையாது. இதைத் தகவல் தருபவரிடமும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

8. சரிபார்ப்பும் மறுதரப்புப் பதிலும்

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத சம்பவங்களின் காட்சிகள் அவை. திருப்பூரில் தொழிலாளர்கள் பயந்தார்கள். காவல்துறை இந்தியிலும் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. அந்த வீடியோக்களை வகுப்பில் எடுத்துச் சரிபார்த்துப் பழகுங்கள்: முதலில் யார் பதிவேற்றியது, எந்தத் தேதி, பின்னணியில் தெரியும் கடைப் பலகை எந்த மொழி, பேச்சு எந்த ஊர். இந்த நான்கையும் கேட்காமல் பகிரப்பட்டதால்தான் அவை அத்தனை தூரம் போயின.

மறுதரப்பிடம் பதில் கேட்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. 'உண்மையைத்தானே எழுதினேன்' என்பது குற்றவியல் அவதூறில் முழுப் பதில் ஆகாது; 356-வது பிரிவின் முதல் விலக்கு, உண்மையோடு பொதுநன்மையும் இருக்க வேண்டும் என்கிறது. சிவில் வழக்கில் உண்மை ஒன்றே போதுமான தற்காப்பு. பதில் கேட்டதற்கான மின்னஞ்சல், தேதி, கொடுத்த அவகாசம் எல்லாம் நீங்கள் நல்லெண்ணத்தோடு எழுதினீர்கள் என்பதற்குச் சான்று. குற்றச்சாட்டை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். 'உங்கள் நிறுவனம் பற்றி ஒரு செய்தி, கருத்து வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்பது கேட்டதாகாது. இரண்டு மணி நேர அவகாசமும் அவகாசமாகாது.

9. புகார்க் கடிதம் ஒன்று எழுதிப் பாருங்கள்

ஒழுங்குமுறையைப் புரிந்துகொள்ள இதுதான் குறுக்கு வழி. உங்கள் தலைப்பில் வந்த ஒரு செய்தியை எடுத்து, அதன் மீது பத்திரிகை மன்றத்துக்குப் புகார் தயாரியுங்கள். அனுப்ப வேண்டியதில்லை. முதலில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்க வேண்டும். அந்த நகல் இல்லாமல் புகார் நிற்காது. நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள், மற்றவற்றுக்கு நான்கு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். எந்த நெறியை மீறினார்கள் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். 'ஒருதலைப்பட்சம்' என்று பொதுவாக எழுதினால் எதுவும் நிரூபணமாகாது.

அப்புறம் உங்கள் சொந்தச் செய்தி மீதும் அதேபோல் ஒரு புகார் எழுதுங்கள். இது வலிக்கும், ஆனால் அச்சுக்கு முன்னால் எழுதியவருக்குக் கிடைக்கும் மிக நல்ல திருத்தம் இதுவே.

10. ஆய்வேடு

களச் செய்தி, முடிவுக் குறிப்பேட்டிலிருந்து எடுத்த நெறி அத்தியாயம், சட்ட வரைபடம் என்ற வரிசையில் எழுதுங்கள். முன்னுரை கடைசியில். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழு அனுமதி தேவைப்பட்டால், பேட்டிக்கு முன்பே வாங்குங்கள். பின்தேதியிட்டு வாங்க முடியாது.

பின்னிணைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உரையில் 'தொழிலாளி அ' என்று கவனமாக எழுதிவிட்டு, கடைசியில் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களையும் கைபேசி எண்களையும் அப்படியே சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். ஒரு பிரதி நூலகத்துக்குப் போகிறது, இன்னொன்று வெளித் தேர்வாளருக்கு, மென்பிரதி கருத்துத் திருட்டுச் சோதனைக்கு. பின்னிணைப்பில் வெற்றுப் படிவத்தின் மாதிரி மட்டும் இருக்கட்டும். கையெழுத்திட்டவை மூடிய உறையில் நெறியாளரிடம் இருக்கட்டும். எவ்வளவு காலம் வைத்திருந்து எப்போது அழிப்பது என்று உறையின் மேலேயே எழுதிவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் வரும் கேள்வி, 'இதை ஏன் வெளியிடாமல் விட்டீர்கள்?' என்பதுதான். குறிப்பேட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆனால் ஆட்களின் பெயர் இருக்கும் பக்கங்களை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.